மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும்

"உங்களிடம் இருக்கும் குறை என்ன?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டால், "எதைச் செய்தாலும் பெர்ஃபெக்டாகச் செய்யணும்னு நினைப்பேன்" என்று சொல்கிறவர்கள் உண்டு. குறையைச் சொல்லும் சாக்கில் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் பதில். நானும் சொல்லியிருக்கிறேன். ஆதாரம் கேட்டிருந்தால் என் கணினியில் இருந்த ஒரு ஃபோல்டரைத்தான் திறந்து காட்டியிருக்க முடியும். 'எழுத வேண்டியவை' என்று பெயர். உள்ளே வரிசையாகக் கோப்புகள். ஒவ்வொன்றிலும் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய முதல் பத்தி. இரண்டாவது பத்தி எதிலும் கிடையாது.

எழுத ஆசை இருந்தும் எழுதாமல் கிடப்பவர்கள் தங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே வாக்கியத்தோடு ஒரு மாலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டுகிறவரைச் சோம்பேறிக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்த மல்லுக்கட்டு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்காக ஒன்றைக் காட்டுகிறேன்.

அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். "அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்" என்று ஆரம்பித்தேன். 'முத்து முத்தாக' ஊரே எழுதித் தேய்த்தது, அழித்தேன். "அப்பா எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும்." இதுவும் அதே ரகம், அழித்தேன். "அப்பாவின் எழுத்துகள் ஒன்றை ஒன்று தொடாமலும், ஒன்றை ஒன்று விட்டு விலகாமலும் நிற்கும்." இது பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் படித்தால், 'பார், எப்படி எழுதியிருக்கிறேன்' என்று பல்லை இளித்தது. அதையும் அழித்துவிட்டு, சுற்றி வளைத்து முத்து முத்தாகவுக்கே திரும்பி வந்து, லேப்டாப்பை மூடினேன். உழைத்தது ஏராளம், எழுதியது ஒன்றுமில்லை.

இதே அப்பாவைப் பற்றி, அதே வாரத்தில், பழைய நண்பன் ஒருவனுக்கு வாட்ஸப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். ஒரு மூச்சில் அடித்தது. எழுத்துப்பிழை இருந்தது, நிறுத்தற்குறியே இல்லை. ஆனால் அதில் அப்பா இருந்தார். சிரித்துவிட்டு, "இதை அப்படியே எழுதேன்டா" என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுதத் தெரியாமல் இல்லை. 'இப்போது எழுதுகிறேன்' என்ற நினைப்பு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

கனடாவின் உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991இல், எதிலும் குறையே இருக்கக் கூடாது என்கிற இந்த பெர்ஃபெக்‌ஷன் குணத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். தன்னிடமே குறையில்லாமையைக் கேட்பது ஒன்று. அடுத்தவரிடம் கேட்பது இன்னொன்று. மூன்றாவது, மற்றவர்கள் நம்மிடம் அதைக் கேட்கிறார்கள், கொடுக்காவிட்டால் மதிக்கமாட்டார்கள் என்று நாமே நம்பிக்கொள்வது. நான் என்னை முதல் வகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தர உணர்வு, ரசனை என்றெல்லாம் அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். வாட்ஸப் செய்தி அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டது. தரம்தான் பிரச்சினை என்றால் நண்பனுக்கு எழுதும்போதும் கை நின்றிருக்க வேண்டுமே. நான் பயந்தது படிக்கப்போகிறவர்களின் முகத்துக்கு. அவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை, முகத்தை மட்டும் நான் பார்த்துவிட்டேன்.

நோய் தெரிந்துவிட்டதால் குணமாகிவிடவில்லை. அதைப் பற்றி யோசித்து யோசித்து இன்னும் சில முதல் பத்திகள் எழுதினேன், அவ்வளவுதான்.

வழி காட்டியது அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எழுதுகிறவர் அல்ல, எழுத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயமும் கிடையாது. என் புலம்பலைக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள் சொன்னார்.

"தினமும் எதையாவது எழுதி எனக்கு அனுப்பு."

"நல்லா இல்லாம எப்படிக்கா அனுப்பறது?"

"நான் படிச்சாத்தானே? திறக்கவே மாட்டேன். ஃபைல் வந்துச்சா, வரலையான்னு மட்டும் பார்ப்பேன்."

கேட்டபோது விளையாட்டாக இருந்தது. இன்றைக்கு யாராவது யோசனை கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன். பொதுவாக நமக்குக் கிடைப்பது இரண்டு வகைக் கூட்டாளிகள்: படித்துவிட்டுப் பாராட்டுகிறவர், படித்துவிட்டுத் திருத்துகிறவர். இரண்டுமே நமக்கு ஆகாது. பாராட்டு வந்தால் மறுநாள் அந்த உயரத்தைத் தாண்ட வேண்டும். திருத்தம் வந்தால் மறுநாள் உட்காரவே தோன்றாது. எழுதினாயா என்று மட்டும் பார்க்கிற, என்ன எழுதினாய் என்று கேட்காத ஓர் ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர் எழுத்தாளர் நண்பராக இருப்பது அரிது. அவர்களால் திறக்காமல் இருக்க முடியாது.

நேரம், காலையில் பல் துலக்கியதும். இருபது நிமிடம். 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்துக்கொண்டால் அது கிடைக்கவே கிடைக்காது. ஏற்கெனவே தினமும் செய்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றின் வாலில் கட்டிவிட்டால் தனியாக நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போனில் அலாரம் வைத்து, எழுந்து போய்த்தான் அணைக்க வேண்டும் என்கிற மாதிரி தள்ளி வைத்துவிடுவேன்.

எழுதும்போது மேலே ஏறிப் படிக்கக் கூடாது. பேக்ஸ்பேஸ் அந்த வார்த்தையின் எழுத்துப்பிழைக்கு மட்டும். சரியான சொல் வராவிட்டால் அங்கே 'ககக' என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். எந்தத் தமிழ்ச் சொல்லிலும் மூன்று க சேர்ந்து வராது என்பதால் பிறகு தேடிப் பிடிப்பது சுலபம். அற்ப விஷயமாகத் தெரியலாம். என் மாலைகளைத் தின்றதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்தான் என்பதால், இந்த மூன்று எழுத்துக்கு நான் பட்ட கடன் கொஞ்சநஞ்சமல்ல.

கடைசி விதிதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும். வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி, அன்றுதான் நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்று தோன்றினாலும் சரி. அப்படியே சேமித்து, அப்படியே அனுப்பு. ஆரம்ப நாட்களில் 'இந்த ஒரு வரியை மட்டும் சரிசெய்துவிட்டு' என்று கை நீளும். அந்த ஒரு வரிதான் வாசல். அதைத் திறந்தால் பழைய ஆள் முழுசாக உள்ளே வந்துவிடுவான். வேலை முடிந்ததா என்பதைக் கடிகாரம் தீர்மானிக்க வேண்டும், நான் தீர்மானிக்கக் கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம். நான் தீர்மானித்தால் எதுவும் முடியாது. பாதியில் நிறுத்தியதில் ஓர் உபரி லாபமும் கிடைத்தது: மறுநாள் வெற்றுத் திரையைப் பார்த்து முழிக்க வேண்டியதில்லை. தொங்கிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடித்தாலே கை ஓடத் தொடங்கிவிடும்.

இப்படி ஓடிய ஒரு காலையில் அப்பா திரும்ப வந்தார். அன்று எழுதியதைத் திருத்தாமல் தருகிறேன்:

"அப்பா கையெழுத்து நல்லா இருக்கும் நல்லான்னா எப்படி ககக மாதிரி. பேனாவை எடுத்ததும் எழுத மாட்டார். காகிதத்துக்கு மேலே காற்றில் ஒரு சுற்று சுற்றுவார் அப்புறம்தான் எழுத்து. பேங்கில் பாரத்துக்குக் கையெழுத்துப் போடும்போதும் அப்படித்தான். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் காத்துக்கொண்டிருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும்."

உவமை இன்னும் 'ககக'வாகவே கிடக்கிறது. அது தேவைப்படவும் இல்லை. காற்றில் பேனா சுற்றுவது என் நினைவில் எப்போதும் இருந்ததுதான். உவமைக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தவரை அதற்கு முறை வரவில்லை. 'எனக்கு வெட்கமாக இருக்கும்' என்ற வரியை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். அப்பாவைப் பற்றிய அழகான கட்டுரையில் அதற்கு இடமில்லை. கட்டுரை உண்மையில் அந்த வெட்கத்தைப் பற்றியது என்பது அந்த வரி விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எல்லாக் காலையும் இப்படி இல்லை. பெரும்பாலான நாட்களில் வந்தது குப்பை. மிகைப்படுத்தவில்லை, ஒரு பத்தியில் நான்கு 'ஆனால்', சொன்னதையே திருப்பிச் சொல்வது, 'இன்று என்ன எழுதுவது என்று தெரியவில்லை' என்று ஒரு பக்கம். இதைச் சொல்லக் காரணம், தினமும் எழுதினால் எழுத்து மளமளவென்று மேம்படும் என்ற நம்பிக்கையில் சிலர் ஆரம்பிக்கிறார்கள், இரண்டாவது வாரம் குப்பையைப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். முதலில் மாறுவது எழுத்து அல்ல. மோசமான பக்கம் ஒன்றை எழுதிவிட்டு அன்றைய வேலையைப் பார்க்கப் போக முடிகிறது, அதுதான் முதலில் மாறுகிறது. எழுத்து ரொம்பப் பின்னால்தான் வருகிறது.

நடுவில் வேறொரு வில்லங்கம். பெர்ஃபெக்‌ஷன் பேய் ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவில் எட்டிப் பார்க்கும். எழுத்தில் இடம் இல்லாமல் போனதும் அது பழக்கத்துக்குள்ளேயே குடியேறியது. எந்த ஆப் நல்லது என்று தேடல். எழுதிய நாட்களை அட்டவணை போட்டுப் பச்சை அடித்தேன். பச்சைக் கட்டங்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பதில் எழுதுவதைவிட இன்பம். பிறகு காய்ச்சல் வந்து ஒருநாள் விட்டுப்போனது. அந்த ஒரு வெள்ளைக் கட்டம் என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வரிசை கெட்டுவிட்டதே, இனி அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது மாதம் பாதிதான் ஆகியிருந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஓர் ஆய்வு அந்தச் சமயத்தில் கண்ணில் பட்டது. 96 பேர் தினமும் ஒரு சிறு செயலைப் பழக முயன்றார்கள். 12 வாரம் கவனித்தார்கள். பழக்கம் ஊறுவதற்கான காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கிடப்பட்டது, நடுவாக 66. '21 நாளில் பழக்கம்' என்று சொல்லித் திரிகிறோமே, அதை மறந்துவிடலாம். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: நடுவில் ஒருமுறை தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. அட்டவணையை அழித்தேன். அக்காவுக்குக் கோப்பு போனால் போனது, போகாவிட்டால் மறுநாள் போகும். ஒருநாள் விட்டதற்குப் பிராயச்சித்தமாக மறுநாள் நாற்பது நிமிடம் எழுதுவதும் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அதுவும் அதே பேய்தான், விபூதி பூசிக்கொண்டு வருகிறது.

'மனசு வரும்போது எழுதினால்தான் நல்லா வரும், அலாரம் வைத்து எழுதுவது மாவரைப்பது மாதிரி' என்பார்கள். 1980களில் ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். எழுதச் சிரமப்படும் பேராசிரியர்களை எடுத்துக்கொண்டார். ஒரு குழு, அவசரத் தேவை இருந்தாலொழிய எழுதவே கூடாது. இன்னொரு குழு தோன்றும்போது எழுதலாம். மூன்றாவது குழு தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் அவர்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஓர் அமைப்புக்கு அவர்கள் பணம் போய்விடும். மூன்றாவது குழு, தோன்றும்போது எழுதியவர்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் எழுதித் தள்ளியது. அது எதிர்பார்க்கக்கூடியதுதான். புதிய யோசனைகளும் அந்தக் குழுவுக்குத்தான் அடிக்கடி வந்தன என்பதுதான் விசேஷம்: அவர்களுக்குப் பெரும்பாலும் தினம் ஒன்று, தோன்றும்போது எழுதியவர்களுக்கு இரண்டு நாளைக்கு ஒன்று, எழுதாமல் காத்திருந்தவர்களுக்கு ஐந்து நாளைக்கு ஒன்று. யோசனை வந்தபின் எழுத உட்காரலாம் என்று இருந்த என் அத்தனை வருடங்களையும் அந்த மூன்றாவது எண்ணில் பார்த்தேன்.

நமக்கு இதற்கு ஆய்வே தேவையில்லை என்றும் சொல்லலாம். தொடர்கதை படித்து வளர்ந்த மொழி இது. 'பொன்னியின் செல்வன்' 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்தது. சென்ற வாரம் எழுதியது அச்சேறி வாசகர் கைக்குப் போய்விட்டது. அதை இழுத்துப் பிடித்துத் திருத்த முடியாது. அடுத்த அத்தியாயம் அதன் மேல்தான் நிற்க வேண்டும். அந்த நிர்ப்பந்தத்தில் ஒரு விடுதலை இருக்கிறது. ஒரே ஒரு கட்டுரை மட்டும் எழுதப்போகிறோம் என்றால் நம் மொத்த மானமும் அதில்தான் தொங்கும். அடுத்த வாரம் இன்னொன்று உண்டு என்று தெரிந்துவிட்டால், இது பலவற்றில் ஒன்று. சொதப்பினால் சொதப்பியது அந்த ஒன்று, நான் இல்லை.

இதனால்தான், இருபது நிமிடத்தைச் சில மாதம் ஓட்டியபின் இன்னொன்றும் சேர்த்துக்கொண்டேன்: வாரத்துக்கு ஒன்றை முடித்து, படிக்கக்கூடிய ஒருவருக்கு அனுப்ப வேண்டும். தினசரிப் பக்கங்கள் மட்டுமே எழுதிக்கொண்டிருப்பதும் ஒளிந்துகொள்ள வசதியான இடம்தான். யாரும் பார்க்காத குப்பையை வருடக்கணக்கில் எழுதலாம்.

முடிப்பது என்றால் திருத்த வேண்டும். திருத்துவது என்றால் பழைய ஆளைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அவனை விரட்ட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை; அவனுக்குக் கண் நல்ல கண். வேறொரு நாளில், மதியத்தில் வரச் சொல்கிறேன். எழுதிய அன்று அவனுக்கு அனுமதி இல்லை. வந்தால் கையில் ஒரு பட்டியலைக் கொடுத்துவிடுவேன். சும்மா விட்டால் 'என்னவோ சரியில்லை' என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அந்த 'என்னவோ'வுக்கு முடிவே கிடையாது. பட்டியல் நான் போட்டதல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களைப் போட்டுவைத்திருக்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தது. எடிட்டர் வேலைக்கு இதைவிடக் கச்சிதமான தாள் நான் பார்த்ததில்லை.

பத்தையும் எல்லாருக்கும் தேட வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று வாடிக்கைக் குற்றங்கள் இருக்கும். எனக்கு மிகைபடக் கூறல் உண்டு, கொஞ்சம் உணர்ச்சி வந்தாலே மூன்று பெயரடை சேர்ந்துகொள்ளும். மற்றொன்று விரித்தல் கூடவே பிறந்தது. சென்று தேய்ந்து இறுதல் எல்லாவற்றிலும் மோசம்: ஆரம்பம் ஜோராக இருக்கும், போகப் போக இளைத்து, கடைசிப் பத்தி மூச்சு வாங்கும். முதல் பத்தியையே செதுக்கிப் பழகியவருக்கு வேறு எப்படி வரும்? அதனால் இப்போது திருத்தும்போது கடைசிப் பத்தியிலிருந்து ஆரம்பித்து மேலே வருகிறேன். நல்ல உழைப்பு முடிவுக்குப் போய்ச் சேர்கிறது, களைத்தபின் மிஞ்சியது ஆரம்பத்துக்கு. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் நான் செய்யும் மாற்றங்களைப் பார்த்தால், பெரும்பாலும் முதல் சுற்றில் மாற்றியதைப் பழையபடி ஆக்குவதாகவே இருக்கும். அங்கே நிறுத்திவிடலாம் என்பதற்கு அதுவே அடையாளம்.

அனுப்பும் பொத்தானை அழுத்தும் நேரத்தில் வயிற்றைப் பிசைவது மட்டும் போகவில்லை. அதற்கு நம் புலவர்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்: அவையடக்கம். பாற்கடலை நக்கிக் குடித்துவிட நினைக்கும் பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொண்டுதான் கம்பர் ராமகதைக்குள் போகிறார். சொல்லிவிட்டு நிற்கவில்லை, பத்தாயிரத்துக்கும் மேல் பாட்டு எழுதினார். குறை இருக்கும் என்று முதலிலேயே சபைக்குச் சொல்லிவிடுவது, பிறகு எழுதிக்கொண்டே போவது. நான் என் அளவில், அனுப்பும் கட்டுரையோடு ஒரே ஒரு வரி சேர்க்கிறேன்: "நடுப்பகுதி எனக்கே திருப்தியாக இல்லை, இருந்தாலும் படியுங்கள்." எந்தப் பகுதி என்று குறிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பொதுவாக 'சுமாராத்தான் இருக்கும்' என்று சொன்னால் அது பாராட்டுக்குத் தூண்டில் போடுவது. ஒரு விசித்திரம்: நான் சொன்ன இடத்தை யாரும் குறை சொல்வதில்லை, நான் பெருமைப்பட்ட இடத்தைத்தான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் எழுத்துக்கு. மருந்தின் அளவையோ ஒப்பந்தத்தின் ஷரத்தையோ எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஐந்து முறை சரிபாருங்கள். அதேபோல், பிழை வந்துவிடுமோ என்ற பயம் எழுத்தோடு நிற்காமல் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கிறது என்றால் அலாரமும் அக்காவும் போதாது. மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்ப்பதுதான் சரி.

எனக்கு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். கட்டுரைகளில் கை ஓடுகிறது. அலுவலக மின்னஞ்சல் என்றால், அதுவும் மேலதிகாரியைச் சிசியில் போட வேண்டியது என்றால், மூன்று வரிக்கு இன்னமும் முக்கால் மணி நேரம் ஆகிறது. அங்கேயும் அலாரம் வைத்துப் பார்த்தேன். மணி அடித்தது, அணைத்துவிட்டு வந்து திருத்திக்கொண்டிருந்தேன்.